சந்திப்பில் கவனமாகத் திரும்பும் ஓட்டுநருக்கும் சாலையைக் கடப்பவர் ஏன் கண்ணில் படுவதில்லை?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஹோபோக்கன் நகருக்குப் பக்கத்து ஊரில், பதினோரு ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். ஒரு நவம்பர் மாலையில் பச்சை விளக்கு எரிய, எதிரே வந்த வண்டிகள் ஓய்ந்ததும் இடப்பக்கம் திரும்பினேன். இருபுறமும் பார்த்துத்தான் திரும்பினேன். ஆயினும், ஜீப்ரா கிராசிங்கில் நடந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி காரின் முகப்புக்கு மூன்றடி அருகில் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தார். பிரேக் பிடித்துவிட்டேன், அவர் என்னை முறைத்துவிட்டு நடந்தார்.

அவரை மறைத்தது, முன்கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கி நிற்கும் தூண். இங்கே ஓட்டுநர் இடப்பக்கம் அமர்வதால் இடப்புறத் தூண் முகத்துக்கு வெகு அருகில் இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் அகலத் தூண் கண்ணிலிருந்து எழுபது சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால், இரண்டு கண்களாலும் பார்த்தாலும்கூட, பத்து மீட்டர் தொலைவில் ஏறத்தாழ அரை மீட்டர் அகலம் மறைந்துபோகும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். ஓர் ஆள் முழுதாக மறைய அது போதும். அவர் நடக்க, தூணும் காரோடு திரும்ப, இரண்டும் ஒத்துப்போனால் அவர் சில நொடிகள் தொடர்ந்து அதன் பின்னாலேயே இருப்பார். கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காதிருக்க, வண்டியின் எடையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்றிருந்த விதியை 2009-இல் மூன்று மடங்காக உயர்த்தினார்கள்; தூண்கள் தடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். (இந்தியாவில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் இதே சிக்கல் வலப்பக்கம் திரும்பும்போது வரும்.) அன்று முதல் திரும்புமுன் இருக்கையில் ஒருமுறை முன்னே குனிந்து, பின்னே சாய்ந்து பார்க்கிறேன். என் மனைவிக்கு அது வேடிக்கையாக இருக்கிறது.

தூணுக்கு இப்படி ஒரு வழி உண்டு. தெருமுனையில் நிறுத்தப்பட்ட வேனுக்குக் கிடையாது. அதன் பின்னாலிருந்து இறங்கும் குழந்தையை எவ்வளவு குனிந்தாலும் பார்க்க முடியாது. நியூ ஜெர்சிச் சட்டம் ஜீப்ரா கிராசிங்கிலிருந்து 25 அடிக்குள் வண்டி நிறுத்துவதைத் தடுக்கிறது, ஆனால் சட்டம் தெருவில் தானாக நிற்பதில்லை. ஹோபோக்கனில் அந்த இடங்களில் கம்பங்களையும் சைக்கிள் நிறுத்தங்களையும் பூந்தொட்டிகளையும் வைத்து, வண்டி நுழையவே முடியாதபடி செய்தார்கள். அங்கே 2017 ஜனவரிக்குப் பின் ஏழு ஆண்டுகளுக்கு மேல் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. 2022-இல் வேக வரம்பை 20 மைலாகக் குறைத்தது போன்ற வேறு மாற்றங்களும் நடந்ததால், முழுப் பெருமையையும் இப்படி வண்டி நிற்காமல் திறந்துவிட்ட தெருமுனைகளுக்கே கொடுக்க மாட்டேன். எங்கள் தெருமுனையில் மஞ்சள் வண்ணம் மட்டும் பூசியிருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு அதன்மேல் ஒரு சரக்கு வேன் நிற்கும்.