ஏற்காட்டில் கோழி அடைப்பின் மேல்வலைக்கு நடுக்கம்பம் வேண்டுமா?

வெளிநாட்டில் பனிப்பொழிவுக்காக வலைக்கு நடுவில் கம்பம் நிறுத்துகிறார்களே, ஏற்காட்டில் என் கினிக்கோழி அடைப்புக்கும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் மலையில் பனிமூட்டம்தான், பனிப்பொழிவு கிடையாது. அங்கே ஈரப்பனி சிறுகண் வலையில் ஒட்டி, அடையாகி, வலையையே கிழித்துவிடும்.

ஆனாலும் கம்பம் நடுங்கள். நமக்குச் சிக்கல் சில்வர் ஓக் சருகு. வலையில் சேர்ந்து மழையில் ஊறினால் நல்ல கனம். தார்ப்பாய் என்றால் இன்னும் மோசம். ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. தண்ணீர் தேங்கினாலே 10 கிலோ! நடுவைத் தூக்கிச் சரிவாகக் கட்டுங்கள். கம்பத்தின் தலையில் பழைய டயர்த் துண்டு வைத்தால் வலை அறுபடாது.

அப்புறம், மார்கழிக் குளிருக்குப் பயந்து பக்கங்களை முழுக்க மூடாதீர்கள். எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா உள்ளேயே தங்கி மூச்சுக்கோளாறு வரும். காற்றடிக்கும் பக்கம் மட்டும் சாக்குப் படுதா போதும்.