செவ்வாயில் கட்டும் ராக்கெட் எஞ்சினை எதைக் கொண்டு பற்றவைப்பது?

டர்பனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மீத்தேன், திரவ ஆக்சிஜன், எஞ்சின் எல்லாமே செவ்வாயில் தயாராகும் என்றால், ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டில் இருப்பதுபோல ட்ரைஎத்தில் அலுமினியம், ட்ரைஎத்தில் போரேன் கலவையையும் அங்கேயே தயாரித்துப் பற்றவைக்கலாமா?

வேண்டாம். ஆக்சிஜன் பட்டதும் அது தானே எரியும் என்பது உண்மைதான். நிலவுக்கு ஆட்களை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சின்களும் 15 பங்கு அலுமினியச் சேர்மம், 85 பங்கு போரேன் என்று அதையே நம்பின. ஆனால் அதைச் செய்ய மண்ணிலிருந்து அலுமினியத்தைப் பிரிக்க வேண்டும், எத்திலீன் வேண்டும், போரானும் வேண்டும். செவ்வாயின் கேல் பள்ளத்தில் க்யூரியாசிட்டி ஊர்தி கண்டதோ போரானின் சிறு தடயம் மட்டுமே. கொஞ்சம் திரவத்துக்காக இத்தனை ஆலைகளா? பூமியிலிருந்து குப்பிகளில் கொண்டுபோகலாம், ஆனால் குப்பி தீர்ந்தால் எஞ்சின் கிளம்பாது. அதற்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்தாலோ, 90 சதவீதக் கரைசல் −11 டிகிரியிலேயே உறையும், அழுக்குப் பட்டால் சிதையும்.

கார்பன் டைஆக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மீத்தேன் தயாரிக்கும் சபாட்டியர் உலைக்காக எப்படியும் நீரை மின்னாற்பகுப்பீர்கள். அந்த ஹைட்ரஜனில் ஒரு சிலிண்டர் ஒதுக்கி, ஆக்சிஜன் வாயுவுடன் ஸ்பார்க் பிளக் வைத்த சிறு டார்ச்சில் எரியுங்கள்; அதன் சுடர் எஞ்சினைப் பற்றவைக்கும். காற்றில் மீத்தேன் பற்ற ஏறத்தாழ 0.3 மில்லிஜூல் வேண்டும், ஹைட்ரஜனுக்கு 0.02 போதும். முழு எரிப்புக்கான ஹைட்ரஜன், ஆக்சிஜன் எடை விகிதம் 1:8. அதைவிட ஹைட்ரஜனை நன்றாகக் கூட்டிவிட்டால் டார்ச்சின் சுவர் உருகாது.

வம்பு வருவது வேறு இடங்களில். மின்னாற்பகுப்பில் வரும் வாயு ஈரமானது. உலர்த்தாமல் விட்டால் நுண்துளைகளில் பனி அடைக்கும். செவ்வாயின் 6 மில்லிபார் காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைச் சில நூறு வோல்ட்டே தாண்டிவிடும். அதனால் தீப்பொறி பிளக்கில் வராமல் கேபிள் இணைப்பில் வரும். உயர் வோல்ட் தரும் காயிலைப் பிளக்கின் மேலேயே பொருத்தி, ரெசின் ஊற்றி மூடுங்கள். குழாய்களில் மிஞ்சிய வாயுவை வெளியேற்றச் செவ்வாய்க் காற்றை ஊதவே கூடாது. −183 டிகிரியில் இருக்கும் ஆக்சிஜன் வால்வில் கார்பன் டைஆக்சைடு உலர்பனியாகப் படியும். செவ்வாய்க் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடைப் பிரித்தபின் மிஞ்சும் நைட்ரஜன், ஆர்கானில் நைட்ரஜனைத் தனியே எடுத்து ஊதுங்கள். ஆர்கான் அந்தக் குளிரில் அழுத்தம் கூடினால் திரவமாகிவிடும்.

முதலில் தீப்பொறி, பிறகுதான் வாயுக்கள். மாறினால் சேர்ந்து நின்ற கலவை வெடிக்கும். டார்ச்சின் அழுத்தம் ஏறியதைச் சென்சார் காட்டிய பிறகே முதன்மை வால்வுகள் திறக்கட்டும். அரை நொடியில் ஏறாவிட்டால் எல்லாவற்றையும் மூடி, நைட்ரஜன் ஊதி, மறுபடி தொடங்க வேண்டும்.

உங்கள் ஊர் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஃபீனிக்ஸ் ராக்கெட் 2021 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் ஓவர்பெர்க் ஏவுதளத்திலிருந்து 17.9 கிமீ உயரம் போனது. மெழுகும் நைட்ரஸ் ஆக்சைடும் எரியும் அதுபோன்ற ஹைப்ரிட் எஞ்சினுக்கு ஒருமுறை எரிந்து தீரும் வெடிமருந்துப் பற்றவைப்பான் போதும். திரும்பத் திரும்பக் கிளப்ப வேண்டிய எஞ்சினுக்கு டார்ச்தான், அதிலும் இரண்டு பிளக் வையுங்கள்.