பட்டியலில் இருக்கும் பெயர்

மதிப்புக்குரிய அம்மையீர்,

நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞன். என் இளைய மகன் அமெரிக்காவில் குடியேறி, அங்கே ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாக இருந்தவன். நான்கு மாதங்களுக்கு முன் அவனையும் அவனுக்குப் பின் சேர்ந்தவர்களையும் ‘ஃபர்லோ’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சம்பளம் இல்லை. ஆனாலும் வேலை போய்விட்டது என்று நான் சொன்னால் கோபிக்கிறான். தனக்கு ஓர் இலக்கம் இருக்கிறது, திரும்பக் கூப்பிடுவார்கள் என்கிறான். அரசாங்கம் வேலையிழந்தோருக்குக் கொடுக்கும் பணத்துக்கு விண்ணப்பிக்க வெட்கப்படுகிறான். இரவில் உறங்குவதில்லை என்று மருமகள் சொல்கிறாள். மருத்துவரிடம் போகச் சொன்னால் மறுக்கிறான். சங்கத்துக்காரரின் அழைப்புகளைக்கூட இப்போது எடுப்பதில்லையாம். அவன் பயிற்சிக்காக ஊர்க் காணியை விற்றவன் நான். 1980இல் சங்கத்தை நம்பி வேலைநிறுத்தம் செய்த நண்பர்கள் பட்ட பாட்டையும் கண்டவன். இந்த இலக்கத்தை நம்பிக் காத்திருப்பது சரியா? எல்லாவற்றையும் விட்டுக் கொழும்புக்கு வந்துவிடு என்று சொல்லட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொழும்பு 6

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தில் 1980 என்ற எண்ணைக் கண்டதும் சற்று நேரம் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. அந்த யூலை வேலைநிறுத்தத்தில் வேலையிழந்த ஏறத்தாழ 40,000 பேரில் என் தந்தையும் ஒருவர். 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டவர்களை, பதவியைத் தாமாகவே விட்டு விலகியவர்களாகக் கருதி அரசாங்கம் வெளியே நிறுத்தியது. அதற்குப் பிறகு நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். தந்தையின் சங்கத்தைச் சேர்ந்த இருவர் மூன்று தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று தடவையும், அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லும்படி என்னையே வாசலுக்கு அனுப்பினார். வேலையில்லாத மனிதனாக அவர்கள் முன் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. மீண்டும் வேலையில் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்துக்காக அவர்கள் பெயர் சேர்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பல மாதங்கள் கழித்தே அறிந்தோம். அந்தத் தாளில் என் தந்தையின் பெயர் இல்லை. ஆகவே, சங்கத்தின் மீது உங்களுக்குள்ள கசப்பை நான் மறுக்கவில்லை, ஆனால் உங்கள் மகன் அழைப்புகளை எடுப்பதில்லை என்ற வரியே எனக்கு எல்லாவற்றையும்விட அதிகக் கவலை தருகிறது.

உங்கள் மகன் சொல்வது வீண் பிடிவாதம் அல்ல. அமெரிக்க விமான நிறுவனங்களில் ஃபர்லோ என்பது பணிநீக்கம் அல்ல. சம்பளம் நின்றாலும் பணிமூப்புப் பட்டியலில் பெயர் நிற்கும். எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த நகரத்தைத் தளமாகக் கொள்வது, எப்போது விடுமுறை எடுப்பது, எப்போது கப்டன் ஆவது என்பவை எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ள இலக்கத்தைக் கொண்டே அமைகின்றன. ஆட்குறைப்பு வரும்போது கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேறுகிறார். நிலைமை சீரானதும் வெளியேறியவர்களுள் மூத்தவர் முதலில் அழைக்கப்படுகிறார். வழக்கமாக இந்த உரிமையைத் தருவது நிர்வாகத்தின் நல்லெண்ணம் அல்ல, சங்கம் பேசிப் பெற்ற கூட்டு ஒப்பந்தம். 1936 முதல் அங்கே விமான ஊழியர்களுக்கும் பொருந்தும் ரயில்வே தொழிற்சட்டத்தின்படி, அத்தகைய ஒப்பந்தம் பொதுவாகப் புதியது கைச்சாத்தாகும் வரை நடைமுறையில் இருக்கும். 1980இல் தெருவில் நின்றவர்களின் கையில் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கவில்லை.

அதே சமயம், இலக்கம் சோறு போடாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு அங்கே ஆயிரக்கணக்கான விமானிகள் ஃபர்லோவில் அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் சிலர் திரும்ப அழைக்கப்படப் பல ஆண்டுகள் ஆயின. 2007 இறுதியில் ஓய்வு வயது 60இலிருந்து 65 ஆக உயர்த்தப்பட்டபோது, மேலே இருந்தவர்கள் இன்னும் ஐந்தாண்டுகள் நிற்க முடிந்ததால், கீழே காத்திருந்தவர்களின் வரிசை மேலும் மெதுவாக நகர்ந்தது. ஒரே சங்கத்துக்குள் மூத்தவரின் நலனும் இளையவரின் நலனும் மோதுவது உண்டு. ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2020இல் யுனைட்டட் நிறுவனத்தின் விமானிகள் தங்கள் உத்தரவாதச் சம்பளமும் பறக்கும் மணித்தியாலங்களும் குறைவதற்கு வாக்களித்து ஒப்புக்கொண்டதால், வெளியேற்றப்படவிருந்த ஏறத்தாழ 2,850 சக விமானிகள் வேலையில் நின்றார்கள். வாக்களித்தவர்களுள் பெரும்பாலோருக்குத் தங்கள் வேலை போய்விடும் என்ற பயம் இருந்திருக்காது. சங்கம் என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் பொருள் இதுதான்.

அரசாங்கப் பணத்தை வாங்க வெட்கப்படும் மகனுக்கு நீங்கள் ஒன்றை விளக்கிச் சொல்லலாம். அது தர்மப் பணம் அல்ல. ஊழியர்களின் சம்பளத்தைக் கணக்கிட்டு முதலாளிமார் செலுத்தும் வரியிலிருந்து, இப்படிப்பட்ட நாளுக்கென்றே சேர்த்து வைக்கப்படும் காப்புறுதி அது. பெரும்பாலான மாநிலங்களில் அதிகபட்சம் 26 வாரங்கள் கிடைக்கும். பொதுவாக விண்ணப்பித்த வாரத்திலிருந்தே அது கணக்கிடப்படுவதால், வெட்கத்தில் கடந்துபோன வாரங்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. நான்கு மாதம் போய்விட்டது, ஐயா. இந்த வாரமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடே இல்லை. ஊழியர் சேமலாப நிதியத்துக்கு நாம் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்தினாலும், 40 வயதில் வேலையிழந்த ஆண் ஒருவர் அந்த ஒரே காரணத்தைக் காட்டி அந்தப் பணம் முழுவதையும் எடுத்துவிட முடியாது; 55 வயது வரை காத்திருக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதியைப் பற்றியும் கேளுங்கள். வேலை நின்ற பிறகும் அதே காப்புறுதியைச் சொந்தச் செலவில் பொதுவாக 18 மாதங்கள் வரை தொடர அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் குறித்த காலத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். இத்தகைய தவணைகளை ஞாபகப்படுத்துவதற்காகவும் சங்கத்துக்காரர் அழைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

உறக்கம் பற்றி நீங்கள் எழுதியதை மருமகளும் வாசிக்க வேண்டும் என்பதற்காகச் சற்று விரித்து எழுதுகிறேன். விமானி மருத்துவரிடம் போக மறுப்பதற்குப் பிடிவாதத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. முதலாம் தர மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் அவர் விமான நிறுவனத்தில் கப்டன் ஆக முடியாது. அந்தச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்த மருத்துவரைப் பார்த்தார் என்று எழுத வேண்டும். உறக்கமில்லை, மனம் சோர்ந்திருக்கிறது என்று ஒருவரிடம் சொன்னால் அதுவே தொழிலுக்கு முடிவாகிவிடும் என்ற பயம் அந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்தப் பயத்தை அறிந்தே அங்குள்ள விமானிகள் சங்கங்கள், பயிற்சி பெற்ற சக விமானி ஒருவரோடு இரகசியம் காக்கப்படும் முறையில் பேசுவதற்கு வழி செய்திருக்கின்றன. மறுமுனையில் இருப்பவரும் விமானியாகவே இருப்பதால், வானத்தில் இருந்தவனுக்கு வீட்டுக் கூடம் எவ்வளவு சிறியது என்பதை அவரிடம் விளக்க வேண்டியதில்லை. அதற்கு மேலும் சிகிச்சை தேவைப்பட்டால், அதையும் பெறத்தான் வேண்டும். 2010 முதல் சில குறிப்பிட்ட மனச்சோர்வு மருந்துகளை உட்கொள்பவர்களும் விசேட அனுமதி பெற்றுப் பறப்பதற்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இடமளித்து வருகிறது. பேச்சிலே உயிரில் விருப்பமில்லாத சாயல் தெரிந்தால் மட்டும் சான்றிதழையும் இலக்கத்தையும் ஒரு கணம்கூட நினைக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று மருமகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கொழும்புக்கு வரச் சொல்லட்டுமா என்ற கேள்விக்கு என் பதில், இப்போது வேண்டாம் என்பதே. வேலை கிடைத்தால் உடனே சேரக்கூடிய நிலையில் அங்கே இருப்பவருக்கே வேலையிழந்தோருக்கான அந்தக் காப்புறுதிப் பணம் தரப்படுகிறது. இங்கே வந்து மாதக்கணக்கில் தங்கினால் அது நின்றுபோகலாம். அமெரிக்க உரிமத்தைக் கொண்டு நேராகக் கட்டுநாயக்கவிலிருந்து பறக்கவும் முடியாது, இங்குள்ள சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அங்கீகாரம் வேண்டும். அங்கேயே வேறு வேலை தேடுவது நல்லது. சரக்கு விமானமோ பயிற்சிப் பாடசாலையோ எதுவானாலும் சிறுமை இல்லை. ஒன்றில் மட்டும் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். புதிதாக வேலை கொடுக்கும் விமான நிறுவனங்கள் சில, பழைய நிறுவனத்தின் பணிமூப்பு இலக்கத்தைத் துறந்து கடிதம் கொடுக்கும்படி கேட்பது உண்டு. சங்கத்தின் ஒப்பந்தக் குழுவிடம் கேட்காமல் அப்படிப்பட்ட கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம். 90 நாட்களுக்குள் மூன்று தடவையாவது புறப்பட்டுத் தரையிறங்காதவர் பயணிகளோடு பறக்க முடியாது என்ற விதியை நினைத்து அவர் கலங்கியிருக்கலாம். அந்தத் தகுதியை சிமுலேட்டரில் மீளப் பெறலாம், திரும்ப அழைக்கும் நிறுவனமே அந்தப் பயிற்சியைக் கொடுக்கும்.

காணியை விற்றதை இந்த நாட்களில் அவரிடம் பேச வேண்டாம் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன். அவர் அதை மறந்திருக்க மாட்டார். அயலவர்கள் கேட்டால், ஃபர்லோவில் இருக்கிறான் என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள்.

அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்பதை விட்டு, சங்கத்திலும் நிறுவனத்திலும் உன் இப்போதைய முகவரியும் தொலைபேசி இலக்கமும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று கேளுங்கள். திரும்ப அழைக்கும் கடிதம் அந்த முகவரிக்குத்தான் வரும். ஒப்பந்தம் குறித்த நாட்களுக்குள் பதில் போகாவிட்டால் இலக்கம் இழக்கப்படலாம். அவர் வீடு மாறியிருந்தால் இன்றே மாற்றிவிடச் சொல்லுங்கள். அழைத்த சங்கத்துக்காரரைத் திரும்ப அழைக்கவும் சொல்லுங்கள். தயங்கினால், என் தந்தையின் கதையை அவருக்குச் சொல்ல உங்களுக்கு என் முழுச் சம்மதம் உண்டு.

அன்புடன்.