"எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று" என்றால் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்

கேள்வி (வாசகி, அவிநாசி): நாட்டுக்கோழிக் குஞ்சுகள் 50 வாங்கினேன். பொரித்து ஒரு நாள்தான் ஆகிறது, எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று என்றார் விற்றவர். நான்காம் நாளிலிருந்து பின்புறம் வெள்ளை எச்சம் ஒட்டிக்கொண்டு சாகின்றன. இதுவரை 18 போய்விட்டன. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: பணத்துக்கு வருகிறேன் அம்மணி. அதற்குமுன் மீதியிருக்கும் 32 குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடைந்தால் சூடு போதவில்லை. சுற்றிலும் வைத்த தகட்டின் ஓரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். முதல் வாரம் குஞ்சு நிற்கும் உயரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் வேண்டும்; பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே போகலாம். வெப்பமானியை மட்டும் நம்ப வேண்டாம். நான் ஒரே கடையில் வாங்கிய இரண்டு வெப்பமானிகள் ஒரே கூண்டில் வெவ்வேறு அளவு காட்டின. கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். குஞ்சுகள் பரவலாக நின்று மேய்ந்தால் சூடு சரி. ஒட்டிய எச்சத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள், பிய்த்தெடுக்காதீர்கள்.

இனி இறக்கும் குஞ்சைப் புதைத்துவிடாமல், ஐஸ் வைத்த டப்பாவில் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு போங்கள். உறைய வைக்கக் கூடாது. குளிரில் செத்ததா, தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியே இறங்கும் புல்லோரம் கிருமியால் செத்ததா என்பது பரிசோதனையில்தான் தெரியும். புல்லோரம் என்றால் குற்றம் உங்கள் கொட்டகையில் இல்லை என்று வாதாட அந்த அறிக்கைதான் கையில் இருக்கும் சாட்சி.

விற்றவர் சொன்னது பொய். ஒரு நாள் குஞ்சுக்கு எல்லாத் தடுப்பூசியும் போடவே முடியாது. பொரிப்பகத்தில் முதல் நாள் போடுவது மேரக்ஸ் நோய்க்கான ஊசி. வெள்ளைக் கழிச்சல் எனும் ராணிக்கெட் நோய்க்கு எஃப்1 அல்லது லசோட்டா சொட்டு மருந்து 5 முதல் 7 நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும். குஞ்சின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் கம்போரோ நோய்க்கு இரண்டாவது வாரம். நான்காம் வார வாக்கில் மறுபடி லசோட்டா. எட்டாவது வாரம் வெள்ளைக் கழிச்சலுக்கே ஆர்2பி ஊசி, அதையொட்டி அம்மைக்கு ஒன்று. இந்த வரிசை தெரியாதவர்களிடம்தான் "எல்லாம் போட்டாயிற்று" என்று சொல்லி விற்கிறார்கள். இது எனக்குப் பல வருட ஆத்திரம். பல்லடத்திலும் உடுமலையிலும் ஆயிரக்கணக்கில் குஞ்சு இறக்கும் பண்ணைக்கு எந்த மருந்து, எந்தத் தேதி, எந்தத் தொகுதி எண் என்று தாள் போகிறது. தோட்டத்து மூலையில் 50 குஞ்சு வளர்க்கும் பெண்ணுக்கு வாய்ப்பேச்சு மட்டுமே. அவரும் காசு கொடுத்துத்தானே வாங்குகிறார்? பொரித்த தேதி, இனம், போட்ட மருந்தின் பெயர், தேதி நான்கையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் கூடையைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் பணம்: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இன்றே பதியுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, குறை நேர்ந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கோழி வளர்ப்பது வியாபாரம், நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு சொல்லும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரை 2019ஆம் வருடச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

கேள்வி (காங்கேயம்): முட்டைக்கோழித் தீவனம் விலை குறைவாகக் கிடைக்கிறது. குஞ்சுக்கும் அதையே போடலாமா?

பதில்: கூடாது. அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து முட்டை ஓட்டுக்கானது; குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எட்டு வாரம் வரை குஞ்சுத் தீவனம்தான். மூட்டையின் தையலையும் பாருங்கள். மறுதையல் போட்ட மூட்டை ஒன்றை எனக்கு விற்றார்கள். உள்ளே மக்காச்சோளம் பூசணம் பிடித்துக் கட்டிகட்டியாக இருந்தது. அந்தப் பூசண நஞ்சு ஈரலைத் தாக்கும்.

கேள்வி (பொள்ளாச்சி): சந்தையில் பச்சை, ரோஸ் நிறக் குஞ்சுகள் விற்கிறார்கள். பேரனுக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி (கோபி): லசோட்டா புட்டியைக் காலையில் வாங்கி வண்டியின் டிக்கியில் வைத்தேன். சந்தை, கல்யாண வீடு எல்லாம் முடித்து மாலையில் போட்டேன். பத்து நாளில் வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டது. மருந்துக் கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா?

பதில்: எதற்கு? அது உயிருள்ள கிருமி மருந்து. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே இருக்க வேண்டும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். கடைக்காரர் ஐஸ் இல்லாமல் கொடுத்திருந்தால் அவரைக் கேட்கலாம். பங்குனி வெயிலில் டிக்கிக்குள் வைத்தது நீங்கள். குஞ்சு வாங்கக் காட்டிய அவசரத்தில் பாதி அக்கறையை மருந்தில் காட்டியிருந்தால் அவை பிழைத்திருக்கும். பிழைத்தவை எட்டு வாரம் தாண்டட்டும், பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை ஊர் ஊராக நடத்தும் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக் கொண்டு போங்கள். அங்கே இலவசம்.

கேள்வி (திருச்செங்கோடு): மூன்று வாரக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிகின்றன. கடையில் கொடுத்த ஆன்டிபயாடிக் பொடி கேட்கவில்லை.

பதில்: ரத்தக் கழிச்சலுக்கு அம்ப்ரோலியம் போன்ற மருந்து வேண்டும், அளவை மருத்துவர் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்த உமியை இன்றே அள்ளிவிட்டு உலர்ந்ததைப் போடுங்கள். ஈரம் இருக்கும்வரை நோய் திரும்பும்.

கேள்வி (வாசகி, சென்னிமலை): ஒன்றரை லட்சம் கட்டினால் குஞ்சு, தீவனம், கொட்டகை எல்லாம் தந்து மாதாமாதம் பணமும் தருவதாகச் சொன்ன நிறுவனம் பூட்டிக் கிடக்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். சொந்தக்காரர்கள் என்னையே ஏசுகிறார்கள்.

பதில்: ஏசுகிறவர்களை விடுங்கள். ஏமாற்றியவன் குற்றவாளி, நீங்கள் அல்ல. உங்கள் பக்கத்துப் பெருந்துறையில் 2012இல் ஈமுக் கோழித் திட்டங்கள் சரிந்தபோது படித்தவர்களும் உத்தியோகத்தில் இருந்தவர்களும் பணத்தை இழந்தார்கள். இதற்கு நுகர்வோர் ஆணையம் மட்டும் போதாது. பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசில் புகார் கொடுங்கள். முதலீட்டாளர் நலனைக் காக்கத் தமிழகத்தில் 1997ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி ஏலம் விட்டுப் பங்கிட அதில் வழியுண்டு, கோவையில் அதற்கென்றே தனி நீதிமன்றமும் இருக்கிறது. உங்களைப் போல் கட்டியவர்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். ஒப்பந்தம், ரசீது, வங்கிக் கணக்கு நகல், கொடுத்த விளம்பரத் தாள் எதையும் அசலாகக் கொடுக்காமல் நகலாகக் கொடுங்கள். கொட்டகையில் மிச்சமிருக்கும் குஞ்சுகளின் எண்ணிக்கையையும், நிறுவனம் பூட்டிய நாளிலிருந்து நீங்கள் கைக்காசில் வாங்கிப் போட்ட தீவனத்தின் கணக்கையும் புகாரில் சேருங்கள்.