முதல் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். அடுத்ததற்கும் வருமா? இது தாய்வழியில் வருவதா?

குழந்தைக்குக் குரோமோசோம் பரிசோதனை செய்திருப்பார்களே, அந்தக் கேரியோடைப் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் கேள்விக்கான பதில் அதில் ஒரே வரியில் இருக்கும்.

எனக்குக் காரைக்குடி. அண்ணன் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். தொட்டிலிட்ட அன்று வளவு முற்றத்தில் உட்கார்ந்து பெரியவர்கள் பேசியதெல்லாம் அண்ணமிண்டியை, அதாவது அண்ணன் மனைவியைப் பற்றித்தான். அவர்கள் வீட்டில் யாருக்கு இருந்தது, சொந்தத்தில் கட்டியதாலா, கிரகணத்தன்று வெளியே வந்தாளா என்று. இவற்றில் ஒன்றுகூடக் காரணமில்லை. அன்று அவர் அழுதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் செல்லில் 46 குரோமோசோம்கள், 23 ஜோடி. முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது ஜோடி பிரிந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றுதான் போக வேண்டும். 21ஆம் ஜோடி பிரியாமல் இரண்டுமாகப் போய்விட்டால் குழந்தைக்கு அது மூன்றாகிவிடும். இந்தக் குழந்தைகளில் 100க்குச் சுமார் 95 பேருக்கு இதுதான் நடந்திருக்கும்.

பெரும்பாலும் இது முட்டையில் நடப்பது. அதற்காகத் தாயைக் குறை சொல்ல முடியுமா? ஒரு பெண்ணின் முட்டைகள் அவள் தன் ஆத்தா வயிற்றில் இருக்கும்போதே பிரியத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகின்றன. மீதி வேலை இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான். அத்தனை காலமும் ஜோடியைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் தளர்ந்துபோகலாம். வயது ஏற ஏற வாய்ப்பு கூடுவதும் இதனால்தான்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். 47 என்றும் +21 என்றும் இருந்தால் மேலே சொன்ன வகை. மறுபடி வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று அளவில்தான். தாய்க்கு வயது அதிகமென்றால் சற்றுக் கூடும். எங்கள் குழந்தைக்கு இதுதான்.

எண்ணிக்கை 46 என்றே இருந்து, பக்கத்தில் 14;21 போல எழுதியிருந்தால், கூடுதல் 21 இன்னொரு குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது மட்டும்தான் பெற்றோரிடமிருந்து வரக்கூடியது. அப்படி வைத்திருப்பவருக்கு எண்ணிப் பார்த்தால் 45தான் இருக்கும், ஆனால் ஆள் நன்றாகவே இருப்பார். 14;21 தாயிடம் இருந்தால் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு 10 முதல் 15 சதவீதம், தந்தையிடம் இருந்தால் மிகக் குறைவு. அதனால் இருவருமே ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் ஆண்கள் இதற்குத் தயங்குவார்கள், விடாதீர்கள்.

அப்புறம், குழந்தைக்கு இதய எக்கோ ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை என்றால் முதலில் அதை எடுங்கள். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் குறை இருக்கும்.