ஆல்ஃபாஃபோல்டு வந்த பிறகும் புரதத்தின் வடிவத்தை ஆய்வகத்தில் ஏன் தேடுகிறார்கள்?

"எல்லாப் புரதங்களின் வடிவத்தையும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரலே சொல்லிவிடுகிறதாமே, பிறகு ஆய்வகங்களில் எதற்காக இன்னும் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள்? இதனால் மருத்துவத்துக்கு என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். புரதப் படிகங்களோடு சில ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஆய்வகத்தில் வடிவத்தைக் கண்டறியும் ஒரு வழி, புரதத்தைப் படிகமாக்கி அதன்மேல் எக்ஸ்-கதிரைச் செலுத்துவது. தூய்மைப்படுத்திய புரதக் கரைசல் ஒரு மைக்ரோலிட்டர், உப்பும் பாலிமரும் கலந்த கரைசல் ஒரு மைக்ரோலிட்டர். இரண்டும் சேர்ந்த சொட்டை மெல்லிய கண்ணாடி வில்லையில் வைத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, அதே உப்புக் கரைசல் நிரப்பிய சிறு குழியின் விளிம்பில் கிரீஸ் தடவி மூடிவிடுவோம். சொட்டிலுள்ள நீர் மெல்ல மெல்ல ஆவியாகிக் குழியிலுள்ள கரைசலுக்குப் போகும். புரதம் செறிந்துகொண்டே வரும். வாய்த்தால் படிகமாகும். ஒரு தட்டில் இப்படி 24 குழிகள். நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் வெறும் தெளிந்த சொட்டு, இல்லையென்றால் பழுப்புப் படிவு. என்றோ ஒரு நாள் கூரிய விளிம்புகளோடு ஒன்று மின்னும். ஊசியால் தொட்டுப் பார்ப்போம். புரதப் படிகம் என்றால் மெத்தென்று நொறுங்கும். உடையாமல் விறைத்து நின்றால் அது உப்பு, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு புரதம் படிகமாகப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. எக்ஸ்-கதிரைச் செலுத்தி, அது படிகத்தில் சிதறி விழும் புள்ளிகளையும் பதிவுசெய்தேன். ஆனால் அந்தப் பதிவில் புள்ளிகளின் பிரகாசம் மட்டுமே இருக்கும். ஒவ்வோர் அலையும் தன் ஏற்ற இறக்கத்தின் எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்பது இருக்காது. அது தெரியாமல் வடிவத்தை மீட்க வழியில்லை. ஏறத்தாழ ஒத்த வடிவம் ஒன்று கைவசம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறலாம். என் புரதத்துக்கு அப்படி ஓர் உறவுமுறையே இல்லை. தரவு கிடப்பில் கிடந்தது.

2021 ஜூலையில் ஆல்ஃபாஃபோல்டின் நிரல் வெளியானது. அது கணித்த வடிவத்தைத் தொடக்கமாகக் கொடுத்தேன். அன்று மாலையே, அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று வலைபோலக் காட்டும் எலெக்ட்ரான் அடர்த்தி வரைபடம் விரிந்தது. புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபானின் இரட்டை வளையம் அந்த வலைக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் அதே வரைபடம் இன்னொன்றையும் காட்டியது: புரதத்தில் வேதிவினை நடக்கும் பள்ளத்தின் வாயிலில் இருந்த ஒரு வளைவு கணிப்பில் மூடியிருந்தது, படிகத்தில் திறந்திருந்தது. மருந்து மூலக்கூறு நுழைய வேண்டிய வழி அதுதான்.

உங்கள் கேள்விக்கான பதில் பெருமளவு அந்த வளைவில் இருக்கிறது. புரதம் அசைவது, கணிப்பு பெரும்பாலும் அதன் ஒரு நிலையைத்தான் தருகிறது.

கணிப்பின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் ஆய்வகங்கள் கண்டறிந்த வடிவங்கள் இரண்டு லட்சத்தைத் தாண்ட அரை நூற்றாண்டு ஆயிற்று. 2022இல் ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளம் 20 கோடிக்கு மேல் கொட்டிக் கொடுத்தது. அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024 வேதியியல் நோபலில் பாதியைப் பெற்றது முற்றிலும் தகும். ஆனால் அந்த நிரல் கற்றுக்கொண்டதே தரவு வங்கியில் இருந்த வடிவங்களிலிருந்துதான். மனிதப் புரதங்களை முதலில் கணித்தபோது, அவற்றின் அமினோ அமிலங்களில் 58 சதவீதத்துக்குத்தான் நம்பகமான விடை கிடைத்தது. இன்றும் புதிய வடிவம் ஒன்று வந்தால் 1963இல் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரைந்து காட்டிய வரைபடத்தில் வைத்துத்தான் அதன் சங்கிலி திரும்பும் கோணங்களைச் சரிபார்க்கிறோம். எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

மருத்துவப் பயனுக்கு வருகிறேன். கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதம் 1,273 அமினோ அமிலங்கள் கொண்டது. செல்லுக்குள் புகும் முன் ஒரு வடிவம். புகும் நேரத்தில் கீல் விரிவதுபோல் நிமிர்ந்து நீண்ட சுருளாகி வேறொரு வடிவம். வைரஸை முடக்கும் வலிமையான ஆன்டிபாடிகள் உருவாக முதல் வடிவம் வேண்டும். அதுவோ நிலைக்காது. ஆகவே அந்தக் கீல் இருக்கும் 986, 987ஆம் இடங்களில் புரோலின் என்ற அமினோ அமிலம் இரண்டை வைத்தார்கள். புரோலினின் பக்கச் சங்கிலி புரதச் சங்கிலியின் முதுகெலும்போடே வளையமாகப் பிணைந்திருப்பதால் அந்த இடம் எளிதில் சுருளாக மடங்காது. ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் இருப்பது இந்த மாற்றம் செய்த ஸ்பைக்தான். 2020 ஜனவரியில் வைரஸின் மரபு வரிசை வெளியான உடனேயே எங்கே கைவைப்பது என்று தெரிந்திருந்ததற்குக் காரணம், கொரோனா குடும்பத்தையே சேர்ந்த மெர்ஸ் வைரஸின் ஸ்பைக்கில் அதே உத்தியைப் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கண்டறிந்து 2017இல் வெளியிட்டிருந்ததுதான். அன்று அந்த வேலையைக் கவனித்தவர்கள் மிகச் சிலர்.

இயற்கையில் இல்லாத புரதத்தை வடிவமைப்பது அடுத்த கட்டம். மேற்சொன்ன நோபலின் மறுபாதி அதற்காக டேவிட் பேக்கருக்குக் கிடைத்தது. நாகப்பாம்பு இனங்களின் விஷத்தில் மூன்று விரல்போல் நீளும் நச்சுப் புரதங்கள் உண்டு. அவற்றைப் பற்றிக்கொள்ளும் சிறு புரதங்களைக் கணினியில் வரைந்து அவர் குழு உருவாக்கியது. உயிரைப் பறிக்கும் அளவு நச்சு செலுத்தப்பட்ட எலிகளை அவை காப்பாற்றிய செய்தி 2025 ஜனவரியில் வெளியானது. குதிரைகளின் ரத்தத்திலிருந்து மாற்று மருந்து எடுத்துவரும் நிலையில் இது எவ்வளவு பெரிய செய்தி!

ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளம் இலவசம், நீங்களே திறந்து பார்க்கலாம். நீல நிறப் பகுதிகள் நம்பத்தக்கவை, ஆரஞ்சு நிறத்தில் இருப்பவை நம்ப முடியாதவை. ஆரஞ்சைப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவற்றில் பல, தனித்திருக்கும்போது நிலையான வடிவமே இல்லாதவை. புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தைத் தேடுங்கள். நடுப்பகுதி நீலமாக இருக்கும். தொடக்க முனையில் பெரும்பகுதி அவிழ்ந்த நூலாகத் தொங்கும். பி53ஐ அடக்கிவைக்கும் எம்டிஎம்2 என்ற புரதம் வந்து பற்றும்போதுதான் அந்த நூலின் ஒரு துண்டு சுருளாகிறது.