ஆண்டவர் பேசுகிறாரா, என் மனசு பேசுகிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி கேட்டவர் சொல்வது சுருக்கமாக இது: சபையில் எல்லோரும் "ஆண்டவர் என்னோடு பேசினார்" என்று சாட்சி சொல்கிறார்கள், தனக்கு அப்படி எதுவும் கேட்டதே இல்லை. இப்போது கத்தாரில் ஒரு வேலை வந்திருக்கிறது. வயதான அம்மாவைத் தனியாக விட்டுப் போவதா என்று ஜெபித்தால், ஒரு நாள் போ என்று தோன்றுகிறது, மறுநாள் போகாதே என்று தோன்றுகிறது. இதில் எது அவருடைய சத்தம்?

நான் போதகர் இல்லை. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்து, இடையில் சில வருடம் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய், மறுபடி பழைய கோவிலுக்கே வந்து சேர்ந்த ஆள். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

கேட்ட நிமிஷமே "இது அவர்தான்" என்று தெரிந்துவிட வேண்டும் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். எரேமியா 32ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது, எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்வான் என்று கர்த்தருடைய வார்த்தை அவருக்கு வருகிறது. அப்படியே அவன் வந்து நிற்கிறான். அதற்கு அப்புறம்தான் "அப்பொழுது அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன்" என்று எழுதுகிறார். அத்தனை வருடம் தீர்க்கதரிசனம் சொன்ன மனுஷனே, விஷயம் நடந்த பிறகுதான் அதை உறுதியாக அறிந்துகொண்டேன் என்கிறார். அப்படியிருக்க, ஞாயிறு ராத்திரி ஜெபித்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் உங்களுக்குத் தெளிவாகவில்லை என்றால் அதில் கவலைப்பட என்ன இருக்கிறது?

சாமுவேல் கதையும் இதே மாதிரிதான். சிறுவயதில் நாமெல்லாம் சண்டே ஸ்கூலில் நடித்துக் காட்டியிருப்போம். மூன்று தடவை கர்த்தர் கூப்பிடுகிறார், மூன்று தடவையும் பையன் எழுந்து ஆசாரியர் ஏலியிடம் ஓடுகிறான். கர்த்தர் கோபித்துக்கொள்ளவில்லை, "இவனுக்குக் காது கேட்காது" என்று வேறு பையனைத் தேடிப் போகவும் இல்லை, நாலாவது தடவையும் வந்து கூப்பிட்டார். ஆனால் அதில் நாம் கவனிக்காமல் விடுவது அவன் முதல்முதலாகக் கேட்ட செய்தி என்ன என்பதைத்தான். தன்னை வளர்த்த ஏலியின் குடும்பத்துக்கு வரப்போகிற தண்டனை. விடியும்வரை படுத்திருக்கிறான், அதைச் சொல்ல அவனுக்குப் பயம். அவன் ஆசைப்பட்டுக் கேட்ட வார்த்தை இல்லை அது.

நான் வைத்திருக்கும் முதல் அளவுகோல் இங்கேதான் வருகிறது. எனக்கு வருகிற "சத்தம்" எப்போது பார்த்தாலும் நான் ஏற்கெனவே ஆசைப்பட்டதையே சொல்கிறது என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதில் "உன்னை ஆசீர்வதிப்பேன்", "உன்னைப் பெருகப்பண்ணுவேன்" என்றுதான் வரும். "முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு" என்று வந்த அட்டையை நான் இதுவரை பார்த்ததில்லை, அதை அச்சடித்தால் யார் வாங்குவார்கள்! அட்டை எடுப்பதைக் குறை சொல்லவில்லை, நானும் எடுக்கிறேன், பைபிளுக்குள் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதை வைத்து வீட்டு லோன் போடாதீர்கள்.

எனக்கு உறுதியாக அவர் பேசினார் என்று சொல்லக்கூடியது ஒன்று உண்டு, கேட்டால் சப்பென்று இருக்கும். எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவில் இருக்கிற காம்பவுண்டு சுவர் விஷயமாக இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. நியாயம் எங்கள் பக்கம், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். திருவிருந்து ஞாயிறு ஒன்றில், ஆல்டர் பக்கம் போக வரிசையில் நின்றபோது மத்தேயு 5ல் உள்ள "பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" என்ற வசனம் மனதில் வந்தது. சத்தமும் இல்லை, உடம்பு சிலிர்க்கவும் இல்லை. தள்ளிப் பார்த்தேன், போகவில்லை. அடுத்தடுத்த நாள் வேலைக்குப் போகும்போதும் அதே வசனம்தான். மிரட்டவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை, ஆனால் இடத்தைவிட்டு நகரவும் இல்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் போய்க் கதவைத் தட்டினேன். சித்தப்பா வாசலிலேயே நின்றபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். சித்திதான் உள்ளேயிருந்து, "யாருங்க அது? தம்பியா? உள்ள வரச் சொல்லுங்க, தோசை ஊத்துறேன்" என்றார்கள். சுவர்ப் பிரச்சினை அன்றைக்குத் தீரவில்லை. சர்வேயரைக் கூட்டிவந்து அளந்த பிறகுதான் தீர்ந்தது.

இதில் நடந்ததுபோல, போகாமல் தங்குவது எது என்று பார்ப்பதைத்தான் பழைய காலத்தில் ஒருவர் ரொம்பக் கச்சிதமாகச் செய்திருக்கிறார். கத்தோலிக்கர்களுக்கு இஞ்ஞாசியாரைத் தெரிந்திருக்கும், நம் பக்கத்து ஆட்களுக்குத்தான் அவ்வளவாகத் தெரியாது. ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர். 1521ல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, லொயோலாவில் சொந்த வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பொழுது போக வீரசாகசக் கதைப் புத்தகங்கள் வேண்டும் என்று கேட்டார். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் பரிசுத்தவான்கள் சரிதையும்தான். படுத்துக்கொண்டே இரண்டு விதமாகக் கனவு கண்டார்: ஒரு சீமாட்டியைக் கவர்ந்து பேர் வாங்குவது ஒன்று, வெறுங்காலோடு எருசலேமுக்குப் போய்ப் பரிசுத்தவான்கள் மாதிரி வாழ்வது இன்னொன்று. நினைக்கும்போது இரண்டுமே இனித்தன. ஆனால் நினைத்து முடித்த பிறகு முதலாவது மனதை வறட்சியாக விட்டுப் போனது, இரண்டாவது போன பிறகும் சந்தோஷம் நின்றது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்துதான் "ஆவிகளைப் பகுத்தறிவது", அதாவது மனதில் எழும் எண்ணத்தில் எது ஆண்டவரிடமிருந்து வருகிறது என்று பிரித்தறிவது பற்றிய அவருடைய போதனை தொடங்கியது. (இவருடைய தோழர்தான் 1542ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார்.) நினைக்கும்போது எவ்வளவு உருக்கமாக இருந்தது என்பதை வைத்து முடிவு பண்ணாமல், அது போன பிறகு மனம் எப்படி இருந்தது என்று பார்த்திருக்கிறார் மனுஷன். பாட்டும் கீபோர்டும் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வருகிற எண்ணத்தை நான் உடனே நம்பாததற்கு இதுதான் காரணம். அது புதன்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்துத் தூக்கம் சொக்கும்போதும் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இன்னொருத்தர் மூலமாக வருகிற வார்த்தை? வரும், வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1 இராஜாக்கள் 13 ஒன்றே போதும் நம்மைப் பயமுறுத்த. யூதாவிலிருந்து வந்த தேவமனுஷனிடம், பெத்தேலில் இருந்த கிழவனான தீர்க்கதரிசி "ஒரு தூதன் கர்த்தருடைய வார்த்தையாகச் சொன்னான், என் வீட்டுக்கு வந்து சாப்பிடு" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகிறார். அங்கே சாப்பிடக்கூடாது என்று தனக்கு நேரடியாகச் சொல்லப்பட்டதை விட்டுவிட்டு இவர் பேச்சை நம்பினவரைப் போகிற வழியில் சிங்கம் அடித்துப்போட்டது. தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தியிடம் "நீ இந்தப் பையனைத்தான் கல்யாணம் பண்ண வேண்டும் என்று ஆண்டவர் எனக்குக் காட்டினார்" என்று ஒரு உபவாசக் கூட்டத்தில் வந்த ஊழியக்காரர் சொல்லி, ஒரு வாரத்துக்குள் பதில் வேண்டும் என்றார். அவள் அமைதியாக, "எனக்கும் காட்டட்டும் ஐயா, காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அருமையான பதில். தீர்க்கதரிசிகள் பேசட்டும், "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்று கொரிந்தியருக்குப் பவுலே எழுதியிருக்கிறார். நிதானிப்பதை அவிசுவாசம் என்று சொல்லி வாயை அடைக்கிறவரிடமிருந்து தள்ளியே இருங்கள்.

"என் ஆடுகள் என் சத்தத்திற்குச் செவிகொடுக்கிறது" என்று யோவான் 10ல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் அறுப்பு முடிந்ததும் வயலில் கிடை போட ஆட்டுக்காரர்கள் வருவார்கள். புதிதாகச் சேர்த்த ஆடு யார் கையில் குழை இருக்கிறதோ அவர் பின்னால் போய்விடும். ரொம்ப நாள் பழகின ஆடு தலையைத் தூக்கிக் கூப்பிடுவது யார் என்று பார்த்துவிட்டுத்தான் நகரும். ஏதாவது சங்கடம் வந்தால் மட்டும் பைபிளைத் திறந்து விரல் வைத்த இடத்தில் பதில் தேடுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் வர வழி இல்லை. தினமும் கொஞ்சம் வாசிக்கிறவர்களுக்கு, "இவர் இப்படிப் பேசமாட்டாரே" என்பதாவது தெரிந்துவிடும். அதுவே பெரிய உதவி.

ஒரு விஷயம் சொல்லாமல் விடக்கூடாது. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ காதிலேயே குரல் கேட்கிறது, தூக்கம் இல்லை, உன்னை அழித்துக்கொள் என்றோ மற்றவரை அடி என்றோ அது சொல்கிறது என்றால், ஜெபிக்கிற அதே நாளில் மனநல மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மாத்திரை சாப்பிடுவதால் விசுவாசம் குறைந்துவிடாது.

சரி, கத்தார். எல்லா முடிவுக்கும் வானத்திலிருந்து வார்த்தை வரும் என்று காத்திருக்க வேண்டாம். அப்போஸ்தலர் 16ல் பவுல் பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், ஆவியானவர் விடவில்லை, துரோவாவுக்கு வருகிறார், அங்கே ராத்திரி மக்கெதோனியா மனுஷனைத் தரிசனத்தில் காண்கிறார். அதற்குப் பிறகும் "நிச்சயித்துக்கொண்டு" புறப்பட்டோம் என்று பன்மையில்தான் எழுதியிருக்கிறது, அதாவது கூட இருந்தவர்களும் சேர்ந்து எடுத்த முடிவு. நீங்களும் அம்மாவிடம் உட்கார்ந்து பேசினீர்களா? கேள்வியில் அம்மாவைப் பற்றி இருக்கிறது, அம்மா என்ன சொன்னார்கள் என்று இல்லை. அவர்கள் மாத்திரையை யார் வாங்கித் தருவார்கள், ராத்திரி முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவார்கள், தங்கச்சியோ பக்கத்து வீட்டாரோ ஒத்துக்கொள்வார்களா, இதையெல்லாம் கேட்டுப் பாருங்கள். அதற்கு வருகிற பதிலிலேயே பாதி தெளிந்துவிடும். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு உபவாசம் வேண்டாம். நாளைக்கே பாஸ்போர்ட்டைக் கொடு, இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அவர் அவசரப்படுத்தினால், கொடுக்காதீர்கள்.